கோர்ட்டு காரும் கோழிக் குழம்பும்

நீங்கள் எல்லாரும் பெரிய படிப்புப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். பிள்ளை தகப்பனிடம் இருப்பது நல்லதா, தாயிடம் இருப்பது நல்லதா என்று வீடு பார்த்துக் கோர்ட்டுக்குச் சொல்கிறவர்களுக்கு இப்போது விதிமுறைகளை அச்சடித்துத் தடியாக ஒரு புத்தகமே கொடுத்திருக்கிறார்களாம். உங்களில் ஒரு பெண் அதில் ஒரு பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். நடுநிலையாக இருந்தால் மட்டும் போதாது, நடுநிலையாக இருப்பதாக மற்றவர்களுக்குத் தெரியவும் வேண்டும் என்று போட்டிருந்தது. நல்ல பேச்சு. தெரிய வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று புரட்டச் சொன்னேன். அதில் வேறு என்னமோ இருந்தது. சரி, அதை நான் சொல்கிறேன்.

நான் மூணாப்பு. இனிஷியலோடு கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், மற்றது கூட்டிக் கூட்டித்தான். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ரீலிங்கில் நூல் சுற்றியவள். அதை விட்டபிறகு மாதர் சங்கத்தில் இருந்தேன். எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு ஜட்ஜ் ஐயா, பிள்ளை வழக்குகளில் வீட்டைப் போய்ப் பார்த்து வந்து சொல்ல எங்கள் சங்கத்தில் ஆள் கேட்டார். ஒருத்தர் படித்தவராக இருக்கட்டும், ஒருத்தர் ஊர் விவரம் தெரிந்தவராக இருக்கட்டும் என்றாராம். படித்தவர் என்றால் எங்கள் டீச்சரம்மாதான். ஊர் விவரம் என்றால் யாரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். இதில் பெருமை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் பெருமையும் உண்டு.

டீச்சரம்மா பெரிய ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. பேச்சு கம்மி. சிரிப்பு அதைவிடக் கம்மி. நான் அவரோடு போன முதல் நாளே மூன்று காரியம் சொன்னார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எந்த வீட்டிலும் கை நனைக்கக் கூடாது.

முதல் ரெண்டும் எனக்குப் புரிய நாளாச்சு. மூணாவது மட்டும் சொன்னதுமே புரிந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால், சம்மதம் என்று முடிவாகும்வரை அந்த வீட்டில் ஒரு வாய் சோறு தின்ன மாட்டோம். பச்சைத் தண்ணீரை வேண்டுமானால் நாக்கில் வைப்போம். "அவுக கை நனைச்சிட்டாக" என்று தெருவில் ஒருத்தி சொல்லிவிட்டால், பேச்சு முடிந்தது, பந்தலுக்குச் சொல்லலாம் என்று அர்த்தம். பகையாளி சமாதானம் ஆனாலும் அப்படித்தான். சோற்றில் கை வைத்தால் அது கையெழுத்துப் போட்ட மாதிரி. கோர்ட்டு ஆள் ஒரு வீட்டில் சோறு தின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே சொல்லும்.

ஆக, டீச்சரம்மா ஒரு கூஜாத் தண்ணீர், நான் ஒரு தூக்குச்சட்டி இட்லி. ஊர் எல்லை தாண்டிப் புளியமரத்தடியில் காரை நிறுத்தித் தின்றுவிட்டுத்தான் எந்த வீட்டுக்கும் போவோம். கார் வாடகை அம்பாசடர். ஓட்டுவது சுப்பையா. அவன் எப்போதும் வழியில் புரோட்டா தின்றுகொள்வதாகச் சொல்லி எங்கள் இட்லியைத் தொட மாட்டான். நாளாவட்டத்தில் அந்தக் காருக்கு "கோர்ட்டு காரு" என்று பெயர் விழுந்துவிட்டது. சுப்பையாவுக்கும் அதில் ஒரு மிதப்பு. காக்கிச் சட்டை தைத்துக்கொண்டான். யாரும் கேட்டு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வாரேன்.

தகப்பன் தங்கராசு. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். தாய் சரசு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள், தையல் மிஷின் மிதிப்பாள். ஒரே பெண் பிள்ளை, பூமாரி. ரெண்டாப்பு. வழக்கு நடக்கும்போது பிள்ளை தாயிடம் இருந்தது. தகப்பன்தான் பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டுக்கு வந்தான். புருஷன் பெண்டாட்டி ஏன் பிரிந்தார்கள் என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கம் ஒரு ராமாயணம், இந்தப் பக்கம் ஒரு பாரதம். ரெண்டையும் கேட்டால் ரெண்டும் நிஜம்தான். யார் மேல் தப்பு என்பது எங்கள் வேலை இல்லை, பிள்ளைக்கு எங்கே நிழல் என்பதுதான் வேலை. இதை டீச்சரம்மா எனக்கு வாரம் ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் தகப்பன் வீடு. வருகிற நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால் வீட்டைக் கல்யாண வீடு மாதிரி வைத்திருந்தார்கள். வெள்ளையடித்த வாசம் போகவில்லை. கட்டிலில் புது விரிப்பு. மேசை, மேசை மேல் உலக உருண்டை. நடு வீட்டில் ஒரு சின்ன சிவப்பு சைக்கிள்.

"பாப்பாவுக்கு வாங்கி வச்சிருக்கேன்," என்றான் தங்கராசு.

அதன் பின்சக்கரத்து மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் வாடகைக் கடை நம்பர். எனக்குத் தெரிந்தது, டீச்சரம்மாவுக்குத் தெரிந்தது, வாசலில் நின்ற சுப்பையாவுக்கும் தெரிந்தது. தெரியாதது தங்கராசுக்கு மட்டும்தான். நான் டீச்சரம்மா காதோரம், "பொய்க்காரப் பய. இத மொதல்ல எழுதுங்க," என்றேன்.

"எழுதுறேன் பாக்கியம். வாடகைக் கடை நம்பர் போட்ட சின்ன சைக்கிள் ஒண்ணு இருந்துச்சு, வாங்கினதாச் சொன்னாரு."

"ஏமாத்துறான்னு எழுத மாட்டீகளா?"

"ஏமாத்துறதுக்கு எடுத்தாரா, ஆசைக்கு எடுத்தாரான்னு நீங்க அவரு நெஞ்சுக்குள்ள போய்ப் பாத்தீகளா?"

நான் போய்ப் பார்க்கவில்லை. பிறகு தங்கராசின் அம்மா செம்பு நிறைய மோரோடு வந்தாள்.

"ஒரு மடக்கு குடிங்க தாயி. வெயிலு கொளுத்துது."

"வேண்டாம்மா."

"மோரு குடிச்சா கேசு கெட்டுப் போகுமா?"

"கெட்டுப் போகாது. இருந்தாலும் வேண்டாம்."

"அப்ப எங்க வீட்டுத் தண்ணி ஆகாதா? நாங்க என்ன அம்புட்டுக் கேவலமா?"

பாருங்கள், இப்படித்தான் வரும். வேண்டாம் என்றால் அவமானம், வாங்கினால் தீர்ப்பு. டீச்சரம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "கேசு முடியட்டும், நானே கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்," என்று சொல்லிச் சமாளித்தார். சித்திரை வெயில். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. உள்ளேயிருந்து கோழிக் குழம்பு வாசம் வேறு. நான் அசையவில்லை. அன்றைக்கு என்னைப் போல நேர்மையான மனுஷி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தங்கராசு எங்கள் கூடவே நின்று, அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து ஒன்றும் தின்றதாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது காரில் சுப்பையா ஒரு ஏப்பம் விட்டான். சாதாரண ஏப்பம் இல்லை.

"என்னலே?"

"வாயுத் தொல்லைக்கா."

நானும் ஓமம் தின்னச் சொன்னேன்.

அடுத்த வாரம் தாய் வீடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருவுக்குள் கார் நுழையும்போதே வாசலில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். வழக்கமாகக் கோர்ட்டு காரைப் பார்த்தால் வெளியேதான் வருவார்கள். சரசுவின் அண்ணன் மட்டும் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தான். டீக்கடைக்காரன், வாய்க்காரன்.

"வாங்க வாங்க. அங்க கறிச்சோறு ஆச்சு. இங்க என்ன, வெத்தல பாக்குப் போட வந்தீகளா?"

"தம்பி, என்ன பேசுறீங்க?" என்றார் டீச்சரம்மா.

"ராஜபாளையத்துல கோர்ட்டுக்காரக கை நனைச்ச விஷயம் அன்னைக்குச் சாயந்திர பஸ்ஸுலயே வந்துருச்சு. கோழியாமே. ரெண்டு தடவ வாங்கித் தின்னாகளாமே."

எனக்கு வந்தது பாருங்கள் ஆங்காரம். "ஏலே, யாரப் பாத்து என்ன பேசுத? ஒரு சொட்டு மோரு குடிக்காம நாக்கு வறண்டு வந்தவ நான். எவன் சொன்னான், கூப்புடு அவன!"

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பினேன். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சுப்பையா, தைத்த காக்கிச் சட்டையோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சுப்பையா," என்றார் டீச்சரம்மா.

"பசிச்சுச்சு டீச்சரம்மா. பின்வாசல்ல இலையப் போட்டுக் கூப்புட்டாக. நான் என்ன ஜட்ஜா? வண்டி ஓட்டுறவன். நான் தின்னா யாருக்கு என்ன?"

யாருக்கு என்ன என்பதைச் சரசுவின் அண்ணன் சொன்னான். அன்று ராத்திரியே சரசு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று சொல்ல மாட்டான். கோர்ட்டு ஆள் அந்தப் பக்கம் சோறு தின்றாயிற்று, முடிவாகிவிட்டது, இனி வாய்தாவுக்குப் போனால் பிள்ளையைப் பிடுங்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதே தெருவில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் அடுத்த வாய்தாவுக்குப் பிள்ளையைக் கூட்டி வர வேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவு இருந்தது. வாய்தாவுக்கு நடுவில் ஒரே நாள்தான் இருந்தது. பிள்ளை வரவில்லை என்றால் தகப்பன் வக்கீல் எழுந்து நின்று, பார்த்தீர்களா, பிள்ளையை ஒளித்துவிட்டாள் என்பார். பிறகு வீடு பார்க்கவும் வேண்டாம், ஆள் பார்க்கவும் வேண்டாம். ஒரு டிரைவர் தின்ற கோழிக்கு ஒரு தாய் பிள்ளையைத் தொலைப்பாள்.

டீச்சரம்மா வெயிலில் நின்றபடியே சொன்னார்: "தம்பி, எங்க இருக்கான்னு நான் கேக்கல. நீங்களே போய் அவகிட்டச் சொல்லுங்க. எங்க டிரைவர் தின்ன சோத்தால அவ பிள்ளை போகாது. ஓடிப் போனதால போகும்."

அவன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"கான்சாபுரம் போங்க. அத்தை வீடு," என்றான். அப்புறம் சுப்பையாவைப் பார்த்து, "நீ ஓட்டுவியா, வயிறு இடிக்குமா?" என்றான்.

கான்சாபுரத்தில் சரசு எங்களைப் பார்த்ததும் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். கடலைச் செடி ஆய்ந்துகொண்டிருந்த கை, மண்ணோடு இருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சரம்மா. பிள்ள ஒனக்குத்தான்னு ஒரே வார்த்த. இப்பவே ஏறி வாரேன்."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவள் வருவாள், வாய்தா கெடாது, பிள்ளை போகாது. பொய்யென்றால்கூட நல்லதற்குச் சொன்ன பொய். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். அப்போது வாயில் வெற்றிலையை வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். டீச்சரம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், நான் அடைத்துக்கொண்டேன்.

"அது என் கையில இல்ல சரசு," என்றார்.

"பின்ன யாரு கையில? ஒங்க டிரைவர் கையிலயா?"

"அவன் கையிலயும் இல்ல. நாங்க பாத்ததச் சொல்லுவோம். முடிவு ஜட்ஜோடது."

அப்போது அந்த அத்தைக்காரி ஒரு யோசனை சொன்னாள். கெட்டிக்காரி. "இதுல என்ன கஷ்டம்? அங்க தின்னாகள்ல, இங்கயும் திங்கட்டும். ரெண்டு பக்கமும் கை நனைச்சா சரியாப் போச்சு. ஏட்டி, இலை அறுத்துட்டு வா. சேவல் ஒண்ணு கெடக்கு."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. தராசில் ஒரு பக்கம் கல் விழுந்தால் மறு பக்கமும் ஒரு கல் போடுவதுதானே. சுப்பையாவுக்கு அதைவிட நியாயமாகப் பட்டது. அவன் கைகழுவ எங்கே தண்ணீர் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"சுப்பையா, வண்டிக்குப் போ," என்றார் டீச்சரம்மா.

"அவுக பிரியமாக் கூப்புடுறாக…"

"போ."

போனான். அவன் போன நடையைப் பார்த்துப் பூமாரி களுக்கென்று சிரித்தாள். சரசுவுக்கும் உதடு கொஞ்சம் இளகியது.

"கோழிய எங்க மாமியாரா வச்சாக?" என்று கேட்டாள். யாரிடம் என்று இல்லை.

காருக்குள்ளிருந்து சுப்பையா, "ஆமாத்தா. காரம் கண்ணுல தண்ணி வந்துருச்சு," என்றான்.

"வரும். அவுக கை அப்படி."

அதில் கோபம் இல்லை. எட்டு வருஷம் தின்ற குழம்பைப் பற்றிப் பேசுகிற பேச்சு. டீச்சரம்மா சொன்னார்:

"சரசு, நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா வாய்தா அன்னைக்கு வேற யாரும் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சு, எங்க கூட வந்த ஆளு அந்த வீட்ல சாப்பிட்டான்னு சொல்லுவேன். எங்கள வச்சுக்கிறதா வேண்டாமான்னு ஜட்ஜ் முடிவு பண்ணட்டும். நீ வந்து காதால கேளு."

"சபையில ஒங்களுக்குத்தான அசிங்கம்?"

"ஆமா."

"சத்தியமாச் சொல்லுவீகளா?"

"சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். வந்து பாரு."

சரசு கை மண்ணைத் தட்டினாள். "வாய்தாவுக்கு வாரேன். இந்தக் காருல மட்டும் ஏற மாட்டேன். பஸ்ஸுல வாரேன்."

சரியாகச் சொன்னாள். எங்கள் காரில் அவள் வந்து இறங்கியிருந்தால் தங்கராசு தெருவில் என்ன பேசுவார்கள்? எங்களுக்கே தோன்றாதது அவளுக்குத் தோன்றியது, பயந்தவளுக்குப் புத்தி கூர்மை.

வாய்தா அன்று வந்தாள். பிள்ளைக்கு ரெட்டைச் சடை போட்டுக் கனகாம்பரம் வைத்துக் கூட்டி வந்தாள். டீச்சரம்மா சொன்னபடி முதல் ஆளாக எழுந்து சொன்னார். ஒரு அலங்காரமும் இல்லை. எங்கள் வாகன ஓட்டுநர் மனுதாரர் வீட்டில் சாப்பிட்டார், எங்களுக்குத் தெரியாது, தெரியாமல் போனது எங்கள் பொறுப்பு. அவ்வளவுதான். கோர்ட்டில் ஒரே சிரிப்பு. தங்கராசு வக்கீல், "ஐயா, ஒரு டிரைவர் பசிக்குச் சாப்பிட்டதை எல்லாம் கோர்ட்டு விசாரிக்கணுமா? கோழிய வேணா சாட்சிக்குக் கூப்பிடலாம்," என்றார். இன்னும் சிரிப்பு.

ஜட்ஜ் ஐயா சிரிக்கவில்லை. "வக்கீல் சார், உங்க மகளைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து, அவங்க டிரைவர் உங்க வீட்ல சாப்பிட்டா நீங்க தெருவுல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். இப்போது பாராட்டு வரும். தானாக வந்து ஒப்புக்கொண்ட உயர்ந்த மனுஷிகள், இவர்களைப் போல் உண்டா என்று நாலு வார்த்தை வரும். பேப்பர்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்றுகூடப் பார்த்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் இந்தக் கேஸ்லருந்து விலகிக்கோங்க. இதுவரைக்கும் பாத்தத எழுதிக் குடுக்க வேண்டாம். வேற ஊர்லருந்து வேற ஆள் போகட்டும்," என்றார் ஜட்ஜ். பிள்ளை அதுவரை தாயிடமே இருக்கட்டும் என்றும், இனிமேல் சொல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றும் சரசுவிடம் சொன்னார். அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்புட்டுதான். பாராட்டு இன்னும் வந்து சேரவில்லை.

வெளியே வந்தோம். டீச்சரம்மா முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நான் பொருமிக்கொண்டு வந்தேன். கார் பக்கம் போனால், பூமாரி அங்கே நிற்கிறாள். தாய் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தாள், பிள்ளை நழுவி வந்திருக்கிறது. சுப்பையாவை அண்ணாந்து பார்த்துக் கேட்டது:

"மாமா, எங்கப்பா வீட்ல சோறு தின்னது நீங்கதான?"

ஊர் முழுக்கக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது. "ஆமா தாயி, நான்தான் அந்தப் பாவி," என்றான்.

"எங்கப்பா தின்னாகளா?"

சுப்பையா என்னைப் பார்த்தான். அந்தக் கோழிச் சோற்றைப் பற்றி ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் பேசினார்கள். அது யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்று பேசினார்கள். தகப்பன் தின்றானா என்று அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியலயே தாயி," என்றான் சுப்பையா. சரசு கூப்பிட்டாள். பிள்ளை ஓடிவிட்டது.

அங்கே சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் தங்கராசு நின்றான். மகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மகள் கேட்டது அவன் காதில் விழும் தூரம் இல்லை. எனக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆள் நிம்மதியாகத் தூங்குவான்.

"பாக்கியம்," என்றார் டீச்சரம்மா. "எங்க போறீக?"

"செத்த இருங்க, ஒரு சேதி சொல்லிட்டு வாரேன்."

"நாம இப்ப யாரு?"

"யாருமில்ல. அதான் விலக்கிட்டாகளே. யாருமில்லாதவ சொன்னா என்ன?"

"இன்னைக்கு நீங்க அவருகிட்டச் சொல்லுவீக. அவரு ஆசையா வக்கீல்கிட்டச் சொல்லுவாரு. வக்கீல் அத எந்திரிச்சுக் கோர்ட்ல சொல்லுவாரு. பொறவு வீட்ல போய் அந்தப் பிள்ளைய, ஏன் அப்படிக் கேட்டேன்னு கேப்பாக. அதுக்கு மேல அது யாருகிட்டயும் எதையும் கேக்காது."

நான் காரில் ஏறிவிட்டேன். ஏறியது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதற்கு இப்போது நீங்கள் பெரிய பெயர் ஏதோ வைத்திருக்கிறீர்கள். எங்களுக்குப் பெயர் தெரியாது, கதவை இழுத்துச் சாத்தினோம். சுப்பையாவையும் எச்சரித்து வைத்தோம். அவன் அன்றையிலிருந்து தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தான்.

வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் ரெண்டு வீட்டையும் பார்த்தார்கள். அவர்கள் டிரைவருக்கு என்ன கட்டிக் கொடுத்தார்களோ தெரியாது. சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. பிள்ளை தாயிடம் இருக்க வேண்டியது. சனி ஞாயிறும் பரீட்சை லீவும் தகப்பன் வீட்டில். அன்றைக்குத்தான் நான் டீச்சரம்மாவிடம் கேட்டேன், நம்மை விலக்காமல் இருந்திருந்தால் நீங்கள் எந்தப் பக்கம் சொல்லியிருப்பீர்கள் என்று.

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

"தாயிதான். இதுல என்ன சந்தேகம்?"

"நான் தகப்பன் பக்கம் யோசிச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "தாய் வீட்ட நாம உள்ள போய்ப் பாக்கவே இல்லயே பாக்கியம். நீங்க எத வச்சு முடிவு பண்ணுனீக?"

அவரும் முழுசாகப் பார்க்காமல்தானே யோசித்திருக்கிறார் என்று கேட்க எனக்கு ரெண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. போய்க் கேட்டேன். "அதனாலதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்னு சொன்னேன், முடிவு பண்ணேன்னு சொல்லல," என்றார். அவரிடம் எப்போதும் அப்படித்தான், கடைசி வார்த்தை எனக்குக் கிடைக்காது.

உத்தரவு வந்து மேல் முறையீட்டுக்கும் யாரும் போகவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, ஒரு நாள் ராஜபாளையம் பஸ் ஏறினேன். இனி எந்த விதியும் தடுக்காது. இத்தனை மாதம் நெஞ்சில் வைத்துக் காத்த சேதி. போகும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த மனுஷன் கண்ணீர் விடுவான், நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று கைக்குட்டைகூட எடுத்துப் போனேன்.

தங்கராசு வீட்டு வாசலில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து ஒரு பழைய சின்ன சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். கை முழுக்க கிரீஸ்.

"வாங்கக்கா," என்றான். முகம் தெளிந்திருந்தது.

"பிள்ள வந்துட்டுப் போச்சா?"

"சனிக்கிழம தவறாம வாரா. மொத நாளு என்ன கேட்டாங்கீக? செருப்பக்கூடக் கழட்டல, வாசல்ல நின்னே, 'எப்பா, அன்னைக்குக் கோழி வச்சீகள்ல, நீங்க தின்னீகளா'ங்கா. எத்தன மாசத்துக்கு முந்துன கோழி! நான் திங்கலத்தான்னேன். அப்படி ஒரு ஏச்சு ஏசினா பாருங்க. அவ ஆத்தா தோத்தா." சிரித்துக்கொண்டே செயினைச் சுற்றினான். அது ஏறிக்கொண்டது. கையைத் துணியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தான். "சரி, நீங்க என்ன விஷயமா வந்தீகக்கா?"

"ஒண்ணுமில்லப்பா," என்றேன். "சும்மா, இந்தப் பக்கம் ஒரு சோலி."